குன்று எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? ஓய்வுக்காலப் பணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'குந்தித் தின்றால் குன்றும் கரையும்' என்பார்கள். ஓய்வுபெற்ற பிறகு நாம் எல்லோரும் செய்யப்போவது அதைத்தான். பல வருடம் உழைத்துச் சேர்த்ததை உட்கார்ந்து சாப்பிடப் போகிறோம், அதில் தப்பே இல்லை. நமக்கு முன்னால் குன்று கரைந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் கவலை. அதற்கு எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று கேட்பவர்களோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்ததில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

இந்தக் கணக்கு எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான் என்பதால் எந்த நாணயத்தையும் குறிப்பிடவில்லை. உங்கள் வீட்டின் ஒரு வருடச் செலவு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் எண்கள் எல்லாம் அந்த 100-ஐ வைத்துத்தான்.

சுற்றி வளைக்காமல் ஒரு தொகை சொல்லுங்கள். எவ்வளவு வேண்டும்?

ஓய்வுக்குப் பிறகு ஒரு வருடத்துக்கு ஆகும் செலவை எடுத்துக்கொள்ளுங்கள். பென்ஷன், வாடகை என்று தானாக வரும் பணத்தை அதிலிருந்து கழியுங்கள். மிச்சம் நிற்கும் பள்ளத்தைப் போல 25 முதல் 30 மடங்கு கையில் இருந்தால், அறுபது வயதை ஒட்டி ஓய்வுபெறும் ஒருவர் ஓரளவு நிம்மதியாக இருக்கலாம். செலவு 100, பென்ஷன் 40 என்றால் பள்ளம் 60. தேவைப்படுவது 1,500 முதல் 1,800 வரை.

இது முதல் மதிப்பீடுதான். 25-ஆ, 30-ஆ, அல்லது 35-ஆ என்பது உங்கள் வயது, பணத்தை வைக்கும் இடம், உடல்நிலை எல்லாவற்றையும் பொறுத்தது. ஆனால் மடங்கைப் பற்றி மணிக்கணக்கில் வாதம் செய்கிறவர்கள்கூட அந்த 100-ஐச் சரியாகக் கண்டுபிடிப்பதில் மெனக்கெடுவதில்லை. என் அனுபவத்தில் பெரிய பிழைகள் எல்லாம் அங்கேதான் நடக்கின்றன.

கடைசிச் சம்பளத்தில் 70 அல்லது 80 சதவீதம் போதும் என்கிறார்களே?

சம்பளம் வாங்கும் எல்லோரும் ஒரே மாதிரி செலவு செய்தால் அந்த விதி சரியாக இருக்கும். ஒரே சம்பளம் வாங்கும் இருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பாதியைச் சேமிக்கிறார், இன்னொருவருக்கு மாதக் கடைசியில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. முதலாமவருக்கு 80 சதவீதம் என்பது இப்போது வாழும் வாழ்க்கையைவிடப் பெரியது. இரண்டாமவருக்கு அது ஒரு சறுக்கல். ஓய்வுக்காலத்தில் நாம் ஈடுகட்ட வேண்டியது செலவை. ஆகவே சம்பளச் சீட்டை மூடி வைத்துவிட்டுச் செலவிலிருந்து தொடங்குங்கள்.

சரி, என் செலவு எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நினைவிலிருந்து சொல்லாதீர்கள். 'மாதம் இவ்வளவு ஆகும்' என்று நாம் வாயால் சொல்லும் தொகையில் ஒழுங்காக வரும் செலவுகள் மட்டுமே இருக்கும். பல் மருத்துவர், பழுதான குளிர்சாதனப் பெட்டி, திடீர்ப் பயணம், நெருங்கியவர் வீட்டு விசேஷம் எதுவும் அதில் இருக்காது. எந்த மாதத்தைக் கேட்டாலும் 'இந்த மாதம் மட்டும் கொஞ்சம் அதிகம்' என்போம். பன்னிரண்டு மாதமும் அப்படித்தான் போகும்.

கடந்த 12 மாத வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்து, வெளியே போன மொத்தத்தைக் கூட்டுங்கள். சேமிப்புக்கும் முதலீட்டுக்கும் போனதை மட்டும் கழித்துவிடுங்கள். கையில் எடுத்த ரொக்கம் எதற்குப் போனது என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அது செலவுதான். முடிந்தால் மூன்று வருடத்துக்குச் செய்து சராசரி எடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

அப்புறம் இரண்டு திருத்தங்கள். முதலில், ஓய்வுக்குப் பிறகு நின்றுபோகும் செலவுகளைக் கழியுங்கள்: வேலைக்குப் போய்வரும் செலவு, முடியப்போகும் கடன் தவணை, பிள்ளைகளின் படிப்பு. அடுத்தது, புதிதாக வருபவற்றைக் கூட்டுங்கள். இங்கேதான் கோட்டை விடுகிறோம். இப்போது வேலை தரும் இடம் கட்டிக்கொண்டிருக்கும் மருத்துவக் காப்பீட்டை நாளைக்கு நீங்களே கட்ட வேண்டும். அலுவலகத் தொலைபேசி, அலுவலக வண்டி எல்லாம் போய்விடும். நானே முதல் தடவை கணக்குப் போட்டபோது காப்பீட்டுத் தவணையை விட்டுவிட்டேன். சேர்த்துப் பார்த்தபோது தேவைப்படும் மொத்தத் தொகை பத்தில் ஒரு பங்கு கூடிவிட்டது.

இன்னொரு வகைச் செலவு எட்டு, பத்து வருடத்துக்கு ஒரு தடவை வரும். கூரைப் பழுது, வீட்டுக்குச் சுண்ணாம்பு, புது வண்டி, பெரிய மின்சாதனம். ஒவ்வொன்றின் விலையையும் அது உழைக்கும் வருடங்களால் வகுத்து வருடச் செலவில் சேர்த்துவிடுங்கள். 80 ஆகும் வண்டி பத்து வருடம் ஓடினால், அது வருடத்துக்கு 8.

வயது ஏற ஏறச் செலவு குறையத்தானே செய்யும்?

கொஞ்ச காலம் குறையும். டேவிட் பிளான்செட் என்ற ஆய்வாளர் 2014-இல் அமெரிக்கக் குடும்பங்களின் ஓய்வுக்காலச் செலவுகளை ஆராய்ந்து, விலையேற்றத்தைக் கழித்துப் பார்த்தால் அது புன்னகை வடிவில் போகிறது என்று எழுதினார். ஓய்வுபெற்ற புதிதில் ஊர் சுற்றுவதும் தள்ளிப்போட்டவற்றைச் செய்வதுமாகச் செலவு உயரத்தில் இருக்கும். எழுபதுகளில் உடலும் மனமும் வீட்டை நாட, மெல்லக் குறையும். கடைசிக் காலத்தில் மருத்துவமும் பராமரிப்பும் அதை மறுபடி தூக்கும்.

நடுவில் வரும் தாழ்வை நம்பித் தொகையைக் குறைக்க எனக்கு மனம் வருவதில்லை. கடைசி ஏற்றம் எவ்வளவு உயரம், எத்தனை வருடம் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. நடுவில் மிஞ்சுவதைக் கடைசிக்கு விட்டுவைப்பதுதான் என் யோசனை.

இந்த 25 மடங்கு எங்கிருந்து வந்தது?

வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994-இல் ஒரு கட்டுரை எழுதினார். 1926 முதலான அமெரிக்கப் பங்குச்சந்தை, அரசுக் கடன் பத்திரம், பணவீக்கம் ஆகியவற்றின் புள்ளிவிவரங்களை எடுத்துக்கொண்டு அவர் கேட்ட கேள்வி எளிமையானது. ஒருவர் ஏதோ ஒரு வருடத்தில் ஓய்வுபெற்று, பாதியைப் பங்கிலும் பாதியைக் கடன் பத்திரத்திலும் வைத்து, வருடாவருடம் பணம் எடுத்துக்கொண்டே போனால் அது எத்தனை வருடம் தாங்கும்? முதல் வருடம் மொத்தத்தில் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசி ஏறும் அளவுக்கு அந்தத் தொகையை ஏற்றிக்கொண்டே போனவருக்கு, மிக மோசமான காலத்தில் ஓய்வுபெற்றிருந்தாலும், 30 வருடம் பணம் தாங்கியிருக்கும் என்று கண்டார். 100-க்கு 4 என்றால் 25-இல் ஒரு பங்கு. அதைத் திருப்பிப் போட்டால் 25 மடங்கு.

1998-இல் டெக்சாஸின் டிரினிட்டி பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் மூவர் வேறு வேறு கலவைகளில் இதையே சோதித்தார்கள். அதற்குப் பிறகு விதி உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

பரவியபோது அதன் நிபந்தனைகள் உதிர்ந்துவிட்டன. அது ஒரே நாட்டின் கடந்தகாலம், அதுவும் உலகிலேயே நன்றாக வளர்ந்த சந்தைகளில் ஒன்றின் கதை. கணக்கு 30 வருடத்துக்கானது. 45 வயதில் வேலையை விட நினைப்பவருக்கு 50 வருடம் தேவைப்படலாம். வரியும் நிர்வாகக் கட்டணமும் அதில் கழிக்கப்படவில்லை. எல்லாவற்றையும் வைப்புநிதியில் வைத்திருப்பவருக்கும் அது பொருந்தாது. எனவே 25-ஐ நான் ஆரம்பப் புள்ளியாகத்தான் வைத்துக்கொள்கிறேன்.

விலைவாசியை எப்படிச் சேர்ப்பது?

72-ஐ விலையேற்ற சதவீதத்தால் வகுங்கள். விலைகள் இரட்டிப்பாக ஏறத்தாழ எத்தனை வருடம் ஆகும் என்று கிடைக்கும். வருடம் 6 சதவீதம் என்றால் 12 வருடம். அறுபதில் 100 ஆக இருக்கும் செலவு 72 வயதில் 200, 84 வயதில் 400. வெறும் 4 சதவீதமாக இருந்தாலும் முப்பது வருடத்தில் 324 ஆகிவிடும்.

ஓய்வுபெறும் நாள்வரை விலை ஏறும் என்பது எல்லோருக்கும் தெரிகிறது. அன்றோடு ஏற்றம் நின்றுவிடும் என்பது போலப் பலர் திட்டம் போடுவதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. 'வட்டி மாதம் இவ்வளவு வரும், செலவு அதற்குள் அடங்கிவிடும்' என்பார்கள். முதல் வருடம் அடங்கும். வட்டி முழுவதையும் எடுத்துச் செலவழித்தால் அசல் அப்படியே நிற்கும், வட்டியும் அப்படியே நிற்கும், கடைக்காரர் கேட்கும் விலை மட்டும் ஏறிக்கொண்டே போகும். பத்தாவது வருடம் அசலில் கை வைக்க வேண்டி வரும். அசல் குறைந்தால் வட்டியும் குறையும், அதற்குப் பிறகு இறக்கம் வேகம் பிடிக்கும்.

கணக்கை எளிதாக்க ஒரு வழி உண்டு. எல்லாவற்றையும் இன்றைய விலையிலேயே போடுங்கள். முதலீடு தரும் வளர்ச்சியிலிருந்து விலையேற்றத்தைக் கழித்துவிட்டு, மிஞ்சும் உண்மை வளர்ச்சியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலீடு 9 சதவீதம் வளர்ந்து விலைகள் 6 சதவீதம் ஏறினால் உண்மை வளர்ச்சி சுமார் 3 சதவீதம், துல்லியமாக 2.8. இப்படிப் போட்டால் இருபது வருடம் கழித்து வரும் பிரம்மாண்டமான எண்களைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை. எல்லாம் இன்று நமக்குப் பழகிய விலையில் இருக்கும்.

பங்குச்சந்தையே வேண்டாம், எல்லாவற்றையும் வங்கி வைப்பில் போட்டுவிடுகிறேன். எவ்வளவு வேண்டும்?

வட்டியும் விலையேற்றமும் சமமாக இருந்தால் உண்மை வளர்ச்சி பூஜ்யம். அப்போது கணக்கு விரல்விட்டு எண்ணும் கணக்குதான். 30 வருடத்துக்கு 30 மடங்கு, 40 வருடத்துக்கு 40 மடங்கு.

வட்டிக்கு வரி கட்டிய பிறகு மிஞ்சுவது விலையேற்றத்தைவிட 1 சதவீதம் குறைவாக இருந்தால் 30 வருடத்துக்கு ஏறத்தாழ 35 மடங்கு வேண்டும். மாறாக, உண்மை வளர்ச்சி 2 சதவீதம் கிடைத்தால் 30 வருடத்துக்கு 23 மடங்கும் 40 வருடத்துக்கு 28 மடங்கும் போதும். ஆகவே வைப்பில் வைப்பது தப்பு என்று சொல்லமாட்டேன். அந்த நிம்மதிக்கு ஒரு விலை உண்டு, 35-க்கும் 23-க்கும் நடுவில் இருக்கும் 12 மடங்கு அது. அந்த விலையைத் தெரிந்து கொடுப்பவருக்கு அது நல்ல தேர்வுதான்.

எத்தனை வயது வரைக்கும் திட்டமிட வேண்டும்?

நாட்டின் சராசரி ஆயுளை எடுத்துக்கொள்ளாதீர்கள். பிறக்கும்போது கணக்கிடும் சராசரி ஆயுளில் குழந்தைப் பருவத்திலும் இளமையிலும் இறந்தவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். நீங்கள் அறுபதைத் தொட்டுவிட்டால் அந்த ஆபத்துகளைத் தாண்டியவர். உங்கள் வயதுக்காரர்கள் வாழப்போகும் வயது அந்தச் சராசரியைவிட அதிகம். தவிர, சராசரி என்றாலே ஏறத்தாழப் பாதிப் பேர் அதைத் தாண்டுவார்கள்.

தம்பதி என்றால் கணக்கு இன்னும் நீளும். இருவருக்கும் தனித்தனியே 92 வயதைத் தொட நான்கில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒருவராவது தொடுவதற்கான வாய்ப்பு 16-இல் 7, கிட்டத்தட்ட 44 சதவீதம். பணம் தீரும்போது தனியாக இருப்பவர் அந்த ஒருவர்தான். அதனால் தம்பதியில் இளையவருக்கு 95 வயது ஆகும்வரை போடச் சொல்கிறேன். பெற்றோர் நீண்ட நாள் வாழ்ந்த குடும்பம் என்றால் 100.

நீண்ட ஆயுளைக் குறைத்து எடைபோட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நிஜச் சம்பவம். பிரான்சில் 1965-இல் ழான் கால்மான் என்ற 90 வயதுப் பெண்மணியோடு ஒருவர் ஒப்பந்தம் போட்டார். அவர் உயிரோடு இருக்கும்வரை மாதாமாதம் பணம் தருவது, காலத்துக்குப் பிறகு வீட்டை எடுத்துக்கொள்வது. பணம் கொடுத்தவர் 1995-இல் காலமானார். வீட்டின் மதிப்பைவிட அதிகம் கட்டியும் அந்த வீட்டில் அவர் ஒருநாள்கூடக் குடியிருக்கவில்லை. குடும்பத்தார் தொடர்ந்து கட்டினார்கள். கால்மான் 1997-இல், 122 வயதில்தான் மறைந்தார். உலகில் பதிவான மிக நீண்ட ஆயுள் அவருடையது.

அப்படியென்றால் ஆயுள் முழுக்கப் பென்ஷன் தரும் திட்டம் ஒன்றை வாங்கிவிடலாமா?

ஒரு பகுதிக்கு வாங்கலாம். மொத்தமாக ஒரு தொகை கட்டினால் உயிருள்ளவரை மாதாமாதம் பணம் தரும் திட்டங்கள் மிகப் பழையவை. வால்மீனுக்குப் பெயர் தந்த எட்மண்ட் ஹாலி 1693-இலேயே பிரெஸ்லாவ் நகரின் பிறப்பு, இறப்புப் பதிவுகளை வைத்து ஆயுள் அட்டவணை போட்டு, இத்தகைய திட்டத்துக்கு எந்த வயதில் என்ன விலை நியாயம் என்று கணக்கிட்டிருக்கிறார். சீக்கிரம் இறப்பவர்கள் விட்டுச்செல்லும் பணம் நீண்ட நாள் வாழ்பவர்களைக் காப்பாற்றும் என்பதே இதன் அடிப்படை. தனி ஆளாக எவ்வளவு சேர்த்தாலும் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

வாங்குவதற்கு முன் மூன்று விஷயம் கேளுங்கள். தொகை வருடாவருடம் ஏறுமா, அல்லது முப்பது வருடமும் அதே தொகையா? எனக்குப் பிறகு என் துணைக்கு வருமா, எவ்வளவு? அவசரத்துக்கு அசலைத் திரும்பப் பெற முடியுமா? அநேகமாக மூன்றாவதற்குப் பதில் 'முடியாது' என்றுதான் வரும். அதனால்தான் எல்லாப் பணத்தையும் இதில் போட வேண்டாம் என்கிறேன். சாப்பாடு, மருந்து, மின்சாரம் போன்ற தவிர்க்க முடியாத செலவுகளை மட்டும் இப்படி உறுதியான வருமானத்தால் மூடிவிட்டால், மிச்சத்தில் கொஞ்சம் துணிச்சலாக இருக்கலாம்.

எனக்குப் பென்ஷன் உண்டு. தனியாகச் சேமிக்க வேண்டுமா?

மேலே சொன்ன முதல் இரண்டு கேள்விகளை உங்கள் பென்ஷனைப் பற்றியும் கேளுங்கள். விலைவாசியோடு ஏறும் பென்ஷன் 40 இருந்தால் 100-இலிருந்து தைரியமாக 40-ஐக் கழிக்கலாம். ஏறாத பென்ஷன் என்றால், விலைகள் 6 சதவீதம் ஏறும் இடத்தில் அந்த 40 பன்னிரண்டு வருடத்தில் 20-க்குச் சமமாகிவிடும். நான் அதைப் பாதியாக எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவேன்.

துணைக்கு எவ்வளவு வரும் என்பதையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். இருவரில் ஒருவர் போய்விட்டால் செலவு பாதியாகாது. வாடகை, வரி, மின்சாரம், பராமரிப்பு எல்லாம் அப்படியேதான் இருக்கும். பென்ஷன் மட்டும் பாதியாகிவிட்ட வீடுகள் நிறைய.

சொந்த வீட்டை இந்தத் தொகையில் சேர்க்கலாமா?

குடியிருக்கும் வீட்டைச் சேர்க்காதீர்கள். அது வாடகைச் செலவை மிச்சப்படுத்துகிறது, அந்த நன்மை ஏற்கெனவே உங்கள் 100-க்குள் வந்துவிட்டது. விற்றுச் சின்ன வீட்டுக்குப் போவதாக நிச்சயமாக முடிவெடுத்திருந்தால், இரண்டு வீட்டு விலைக்கும் இருக்கும் வித்தியாசத்தை, விற்கும் செலவு போக, சேர்க்கலாம்.

கடன் இருக்கும்போதே ஓய்வுபெறலாமா?

வேண்டாம். தவணை என்பது சந்தை விழுந்தாலும் உடம்பு படுத்தாலும் குறைக்க முடியாத செலவு.

ஓய்வுபெற்ற உடனேயே சந்தை விழுந்துவிட்டால்?

இந்த முழுக் கணக்கிலும் உண்மையிலேயே பயப்பட வேண்டிய இடம் இது. இரண்டு பேரைப் பாருங்கள். இருவரிடமும் 100 இருக்கிறது. (இந்த ஒரு பதிலில் மட்டும் 100 என்பது சேர்த்த தொகை.) இருவருக்கும் அதே நான்கு வருடங்கள், வரிசை மட்டும் தலைகீழ். முதலாமவருக்குச் சந்தை 20 சதவீதம் இறங்கி, 10 இறங்கி, பிறகு 10 ஏறி, 25 ஏறுகிறது. இரண்டாமவருக்கு முதலில் 25 ஏற்றம், 10 ஏற்றம், பிறகு 10 இறக்கம், 20 இறக்கம். பணத்தைத் தொடாமல் இருந்தால் இருவருக்கும் கடைசியில் 99 நிற்கும்.

இப்போது இருவரும் வருடத் தொடக்கத்தில் 5 எடுக்கிறார்கள் என்று வையுங்கள். நான்கு வருட முடிவில் முதலாமவரிடம் 74.7, இரண்டாமவரிடம் 82.5. எடுத்த தொகை ஒன்று, சராசரி லாபம் ஒன்று, ஆனால் பத்து சதவீத வித்தியாசம். விலை விழுந்த நேரத்தில் விற்ற பங்குகள் பிறகு ஏற்றம் வரும்போது கையில் இல்லை. பெங்கனின் கணக்கிலும் மிகவும் அடிபட்டவர்கள் 1960-களின் கடைசியில் ஓய்வுபெற்றவர்களே. சந்தைச் சரிவும் எழுபதுகளின் கடும் பணவீக்கமும் அவர்களுடைய ஆரம்ப வருடங்களிலேயே வந்துவிட்டன.

இதைத் தடுக்க முடியாது, தாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்யலாம். இரண்டு முதல் மூன்று வருடச் செலவுக்கான பணத்தை ஏற்ற இறக்கம் இல்லாத இடத்தில் வைத்திருங்கள். சந்தை விழுந்த வருடத்தில் அதிலிருந்து எடுங்கள். கூடவே, எந்தச் செலவைத் தள்ளிப்போடலாம் என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். அந்த வருடம் பயணம் வேண்டாம், வண்டி இன்னும் ஒரு வருடம் ஓடட்டும் என்று முடிவெடுக்க முடிகிறவரின் குன்று, முடியாதவரின் குன்றைவிட நெடுநாள் நிற்கும்.

மருத்துவச் செலவை எப்படி மதிப்பிடுவது?

தனியாக. வழக்கமான மருந்து, பரிசோதனை, காப்பீட்டுத் தவணை ஆகியவை வருடச் செலவுக்குள் வரட்டும். வயது ஏற ஏறத் தவணையும் ஏறும் என்பதால் இன்றைய தவணையைக் கொஞ்சம் உயர்த்தியே போடுங்கள். பெரிய அறுவை சிகிச்சை, வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் ஆள் போன்றவற்றுக்கு மடங்குக் கணக்குக்கு வெளியே ஒரு கையிருப்பு வேண்டும். அதன் அளவு உங்கள் நாட்டில் அரசு எவ்வளவு ஏற்கிறது என்பதைப் பொறுத்தது. எதுவும் தெரியாவிட்டால் இரண்டு வருடச் செலவில் தொடங்குங்கள்.

காப்பீட்டை வேலையில் இருக்கும்போதே, உடம்பு நன்றாக இருக்கும்போதே, சொந்தப் பெயரில் எடுத்துவிடுங்கள். நோய் வந்த பிறகு கேட்டால் அந்த நோயையே விலக்கிவிட்டுத் தருகிறவர்கள் உண்டு.

நிர்வாகக் கட்டணம் வெறும் 1 சதவீதம்தானே?

வருடம் 4 எடுத்துச் சாப்பிடப் போகிறீர்கள், அதே பணத்திலிருந்து 1 கட்டணமாகப் போகிறது. உங்களுக்கு வர வேண்டியதில் கால்வாசிக்குச் சமம் அது. சேர்க்கும் காலத்திலும் அப்படித்தான். வருடம் 1 வீதம் 30 வருடம் போட்டால், 3 சதவீத உண்மை வளர்ச்சியில் 47.6 ஆகும். கட்டணம் போக 2 சதவீதம் என்றால் 40.6 மட்டும்தான். கேட்டுத் தெரிந்துகொண்டு கட்டுங்கள்.

வருடம் எவ்வளவு சேமித்தால் 25 மடங்கை எட்டலாம்?

உண்மை வளர்ச்சி 3 சதவீதம், பென்ஷன் எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். 40 வருடம் கையில் இருப்பவர், 100 செலவழிக்கும்போது கூடவே 33 சேமிக்க வேண்டும். 30 வருடம் என்றால் 53. 20 வருடம்தான் இருக்கிறது என்றால் 93, அதாவது செலவழிப்பதற்குக் கிட்டத்தட்டச் சமமாக. பென்ஷன் இருந்தால் அந்த விகிதத்தில் குறைத்துக்கொள்ளலாம்.

எனக்கு ஐம்பது வயது. தாமதமாகிவிட்டதா?

தாமதம்தான், கைமீறவில்லை. ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். வருடச் செலவு 100, கையில் 400, வருடம் 40 சேமிக்க முடிகிறது. ஓய்வுபெற்றதும் விலைவாசியோடு ஏறும் பென்ஷன் 40 வரும். உண்மை வளர்ச்சி 3 சதவீதம்.

60 வயதில் அவரிடம் 996 இருக்கும். பள்ளம் 60, அதன் 25 மடங்கு 1,500. போதாது. 65 வரை வேலை செய்தால் 1,367 சேரும். ஐந்து வருடம் தள்ளிப்போனதால் 23 மடங்கு போதும் என்று கொண்டால் தேவை 1,380. ஏறக்குறைய எட்டிவிட்டார்.

இப்போது அவர் செலவை 100-இலிருந்து 90 ஆகக் குறைக்கிறார் என்று வையுங்கள். சேமிப்பு 50 ஆகிறது, பள்ளமும் 50 ஆகச் சுருங்குகிறது. 62 வயதிலேயே 1,280 சேர்ந்துவிடும், தேவை 1,250. பத்தில் ஒரு பங்கு செலவுக் குறைப்பு மூன்று வருட உழைப்பை மிச்சப்படுத்துகிறது. செலவைத் தொட்டால் கணக்கின் இரண்டு பக்கமும் நகரும் என்பதால்தான் இந்தப் பலன். அதிக லாபம் தரும் முதலீட்டைத் தேடி ஓடுவதைவிட இது நம் கையில் இருக்கிறது. ஐம்பதுக்கு மேல் 'பணத்தை இரட்டிப்பாக்கித் தருகிறேன்' என்று வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள், இழந்தால் மறுபடி சேர்க்க வருடங்கள் இல்லை.

எந்த வயதில் ஓய்வுபெறுவது சரி?

65 என்ற வயதில் மந்திரம் எதுவும் இல்லை. ஜெர்மனியில் 1889-இல் பிஸ்மார்க் காலத்தில் முதியோர் பென்ஷன் வந்தபோது அது 70 வயதுக்கு மேல்தான். 1916-இல்தான் 65 ஆனது. உங்கள் வயதை உங்கள் கணக்கும் உடம்பும் சொல்லட்டும். முழுநேர வேலையை விட்டுவிட்டு, பள்ளத்தில் பாதியை நிரப்பும் அளவுக்குச் சில வருடம் பகுதிநேரமாக உழைப்பது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. ஆரம்ப வருடங்களில் குன்றைத் தொடாமல் இருப்பது, மேலே பார்த்த சந்தைச் சரிவு ஆபத்தையும் பெருமளவு குறைக்கிறது.

ஒருமுறை கணக்குப் போட்டால் போதுமா?

வருடத்துக்கு ஒரு தடவை, எப்போதும் ஒரே மாதத்தில் போடுங்கள். ஓய்வுபெற்ற பிறகு பார்க்க வேண்டிய எண் ஒன்றுதான்: இந்த வருடம் எடுக்கப்போவது, கையில் இருப்பதில் எத்தனை சதவீதம்? அறுபதுகளில் 4-ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. 5-ஐத் தாண்டினால் அந்த வருடம் விலைவாசி உயர்வைச் சேர்க்காமல் போன வருடத் தொகையையே எடுங்கள். 6-ஐத் தொட்டால் செலவைக் குறைத்தே ஆக வேண்டும். எண்பதைத் தாண்டியவருக்கு 6, 7 சதவீதம்கூடத் தவறில்லை, மிச்சமிருக்கும் வருடங்கள் குறைவு. 3-க்குக் கீழேயே பல வருடம் இருந்தால், நீங்கள் தேவைக்கு மேல் வயிற்றைக் கட்டுகிறீர்கள். கொஞ்சம் செலவழியுங்கள், அல்லது கொடுக்க நினைத்தவர்களுக்கு உங்கள் கண் முன்னாலேயே கொடுங்கள்.

இந்தக் கணக்கை வீட்டில் யாருக்குச் சொல்ல வேண்டும்?

துணைக்கு. கணக்குப் போடுகிறவர் ஒருவர், போட்டதன்படி கடைசிவரை வாழப்போகிறவர் இன்னொருவர் என்பதுதான் பல வீடுகளின் நிலைமை. பணம் எந்தெந்த இடத்தில் இருக்கிறது, வாரிசாக யார் பெயர் பதிவாகியிருக்கிறது, மாதம் எதிலிருந்து எவ்வளவு எடுக்க வேண்டும், சந்தை விழுந்தால் எதைத் தொடக் கூடாது என்று ஒரே ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு அந்தத் தாளை அவர் கையில் கொடுத்து, ஒரு மாதத்துக்கு வீட்டுப் பணம் முழுவதையும் அவரே நடத்தட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். எங்கே திணறுகிறாரோ அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள்.